மாமையும் குங்குமப்பூவும்: தாய்மை பற்றிய இணையப் பேச்சில் நிறம்

ஒரு சொல்லின் பொருள் சுருங்குங்கால், அதனை வழங்கும் மக்களின் மனமும் ஓரிடத்தே சுருங்கியிருத்தல் கூடும். ‘நிறம்’ என்னும் சொல் இதற்குத் தக்க சான்று. ‘குழந்தை நல்ல நிறம்’ என்றால், இன்று வெளிர்நிறம் என்றே பொருள். ‘கலர்’ என்னும் கடன்சொல்லும் அவ்வாறே ஆயிற்று. எல்லா வண்ணத்திற்கும் பொதுவான சொல் ஒரு வண்ணத்திற்கே உரியதாக, ஏனையோர் நிறமிலார் ஆயினர். யூடியூப், இன்ஸ்டாகிராம் ஆகிய தளங்களில் மகப்பேறும் குழந்தை வளர்ப்பும் பற்றிப் பேசும் காணொளிகளில் இவ்வழக்குப் பெரிதும் பயில்கின்றது. அப்பேச்சு தாயின்மேல் ஏற்றும் பொறுப்பு யாது என்பதை ஈண்டு ஆராய்வாம்.

இவ்வாய்விற்கு ஓசூர், கிருட்டிணகிரி வட்டாரத்தை நிலைக்களமாகக் கொள்கின்றோம். 2004-ஆம் ஆண்டு தருமபுரியினின்று பிரிந்த கிருட்டிணகிரி மாவட்டத்தில், கருநாடக எல்லையை ஒட்டி அமைந்தது ஓசூர். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்றும் அங்கு வழங்குவன. அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் முதலிய தொழிற்சாலைகள் அமைந்த பின்னர்த் தமிழகத்தின் பிற மாவட்டத்தாரும், அண்மைக் காலத்தில் சார்க்கண்டு, ஒடிசா முதலிய மாநிலத்தாரும் பிழைப்பை நாடி அங்கு வந்துள்ளனர். தாயும் மாமியாரும் தொலைவில் இருக்க, வாடகை வீட்டில் தலைப்பிள்ளை பெறும் இளம்பெண்ணுக்குக் கைப்பேசியே மூதாட்டியாகின்றது. தமிழில் குங்குமப்பூ, தெலுங்கில் குங்கும புவ்வு, கன்னடத்தில் கேசரி எனப் பெயர் வேறுபடினும், அதனைப் பாலிற் கலந்து பருகினால் பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்னும் நம்பிக்கை ஒன்றே.

பண்டைத் தமிழிலக்கியம் வேறொரு நிலையைக் காட்டும். தலைவியின் மேனிவனப்பைக் குறிக்கும் சொற்களுள் ‘மாமை’ சிறந்தது. கருமை, அழகு, நிறம் என்னும் பொருள்கள் அதற்கு உண்டு. மாந்தளிர் போலும் நிறம் எனலும் ஒரு வழக்கு. இன்றைய ‘மாநிறம்’ என்னும் சொல் அதனோடு உறவுடையது. பிரிவால் மாமை கெட்டு மேனி வெளிறுதல் பசலை எனப்பட்டது. குறுந்தொகை 27-ஆம் பாட்டில் வெள்ளிவீதியார் மாமையழகைப் பசலை உண்பதாகப் பாடினார். திருக்குறள் பசலைக்கென ஓர் அதிகாரமே வகுத்தது. வெளிறுதல் அங்கு நோயின் அறிகுறி. பொன்னிறமும் புகழப்பட்டதாதலின், கருமை ஒன்றே அழகெனப் பண்டையோர் கொண்டனர் எனல் மிகையாகும். எனினும், கருமை குறையன்று என்பது தெளிவு.

தாய்மைக்கும் இந்நோக்கு உரித்தாயிற்று. பெரியாழ்வார் யசோதையின் நிலையில் நின்று தாலாட்டியது கரிய பிள்ளையையே. ‘காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு’ என்னும் பழமொழியும் நோக்கத்தக்கது. பொன்னே அளவுகோலாக நிற்றலின் அதனுள்ளும் நிறவேற்றுமை உண்டு என்பதை மறுக்க இயலாது. ஆயினும், ஊர் எவ்வாறு மதிப்பினும் தாயின் கண் தன் மகவைப் பொன்னாகவே காணும் என்பது அதன் கருத்து.

இணையப் பேச்சோ இதனைத் தலைகீழாக்குகின்றது. அதன் வாக்கிய அமைப்பை நோக்குக: ‘குடித்தால் பிறக்கும்’, ‘தேய்த்தால் மாறும்’. தொல்காப்பியர் கூறும் ‘செயின்’ என்னும் வாய்பாட்டு எச்சத்தின் இன்றைய வடிவமே இது. செய்தால் விளையும் என்பதன் மறுதலை, விளையாவிடில் செய்திலள் என்பது. இதனை எவரும் வாய்விட்டுக் கூறுவதில்லை. கேட்கும் தாய் தானே உய்த்துணர்கின்றாள். பிள்ளையின் நிறம் அவள் செய்த வினையாகின்றது. தந்தைக்கோ அவ்வாக்கியத்தில் எழுவாயாகும் இடமே இல்லை.

அறிவியல் உண்மை முற்றிலும் வேறு. தோலின் நிறம் தாய், தந்தை இருவரும் அளிக்கும் மரபணுக்கள் பலவற்றால் அமைவது. நிறமி உண்டாக்கும் உயிரணுக்களின் எண்ணிக்கை எல்லா மாந்தர்க்கும் ஏறத்தாழ ஒன்றே. அவை உண்டாக்கும் மெலனின் என்னும் நிறமியின் அளவும் வகையுமே வேறுபடும். பிறந்தபோது வெளிறித் தோன்றும் குழந்தை சில கிழமைகளிலும் திங்கள்களிலும் தன் இயல்பான நிறத்தை எய்தும். குங்குமப்பூ இதனை மாற்றாது. கருவுற்றோர் அதனை மிகுதியாக உண்ணல் தீங்குமாம். குழந்தை இயல்பாகக் கறுத்து வருங்காலமே, ‘நிறம் மங்குகிறதா?’ என்று மாவும் கஸ்தூரி மஞ்சளும் தேய்க்கச் சொல்லும் காணொளி தாயை அடையும் காலம். இயற்கை வளர்ச்சி அவளுக்குத் தன் தவறாகத் தோன்றுகின்றது.

அமெரிக்காவில் இச்சிக்கல் இனம் என்னும் பெயரால் வெளிப்படப் பேசப்படும். 1940-களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்னும் கறுப்பின உளவியலார் பொம்மைகளைக் கொண்டு ஆய்ந்து, 3 முதல் 7 வரை அகவையுடைய கறுப்பினக் குழந்தையருள் பலர் வெள்ளைப் பொம்மையையே நல்லதெனத் தேர்ந்தமையைக் காட்டினர். நம்மிடையே குலம் என்னும் சொல்லை உரையாமலே, நிறம் என்னும் சொல் அதன் பணியைச் செய்துவிடுகின்றது. மலைப்பகுதி இருளரும் வடபுலத் தொழிலாளரும் உடன்வாழும் ஒரு வட்டாரத்தில், ‘யார் வீட்டுப் பிள்ளை போல’ என்னும் வினா நிறத்தை மட்டும் வினவுவதன்று.

எதிர்ப்புக் குரல்களும் எழாமல் இல்லை. சென்னையின் ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு 2009-இல் ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கத்தைத் தொடங்கியது. 1975-இல் வந்த ‘ஃபேர் அண்டு லவ்லி’ களிம்பு 2020-இல் ‘க்ளோ அண்டு லவ்லி’ எனப் பெயர் மாறியது. கருநிறத்தாரைத் தாழ்த்தும் விளம்பரம் கூடாதென விளம்பரத் தர மன்றம் 2014-இல் நெறி வகுத்தது. ஆயின், தோழிபோல் அன்பொடு கூறும் அறிவுரை விளம்பரமாகக் கருதப்படுவதில்லை. ஆதலின் அந்நெறி அதனைத் தீண்டுவதில்லை.

தாய்ப்பாலின் சிறப்பும் தடுப்பூசியின் தேவையும் அக்காணொளிகளால் பரவுகின்றன என்பதை ஒப்புகின்றோம். எம் தடை ஒன்றே. ஊரின் கண்ணினின்று பிள்ளையைக் காத்த தாயை, ஊரின் கண்ணாகவே அப்பேச்சு மாற்றுகின்றது. நாட்டார் தாலாட்டுகளைத் தொகுத்தாற்போல் இப்புதிய தாய்மைப் பேச்சையும் தொகுத்து ஆராய்தல் தமிழ்த்துறையினரின் கடமை. அவ்வாய்வு, ‘நிறம்’ என்னும் சொல்லுக்கு அதன் பழைய விரிவை மீட்டுத் தருமாயின், ஒரு தாயின் தேவையற்ற குற்றவுணர்வும் ஒருவாறு நீங்கும் என்பது எம் துணிபு.