கொலாஜன் துண்டும் புற்றுக் கட்டியும்

தோல், எலும்பு, தசைநாண், ரத்தக் குழாயின் சுவர் இவற்றையெல்லாம் தாங்கி நிற்கும் புரதம் கொலாஜன். மூன்று இழைகளை முறுக்கிய கயிறு போன்றது இதன் அமைப்பு என்று 1954, 1955-ஆம் ஆண்டுகளில் உலகுக்குச் சொன்னவர்கள் சென்னைப் பல்கலைக் கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும்தான். கங்காரு வாலின் தசைநாணை எக்ஸ்ரே படம் பிடித்து ஆராய்ந்தார்கள்.

கயிறு அறுந்தால் துண்டு வீண் என்று நமக்குத் தோன்றும். அப்படி இல்லை.

ரத்தக் குழாயின் உட்புறத்தில் மெல்லிய செல்கள் ஒரே அடுக்காகப் பாவியிருக்கின்றன. காயம் ஆறும்போது இவை பெருகி, நகர்ந்து, புதுக் குழாய் அமைக்கும். புற்றுக் கட்டியும் தனக்குத் தீனி வர இதே செல்களை இழுத்துக் கிளைப் பாதை போட வைக்கிறது. அந்தப் பாதையை அடைத்தால் கட்டி வளராது என்று 1971-ல் எழுதினார் பாஸ்டன் டாக்டர் ஜூடா ஃபோக்மன்.

1997-ல் அவரது ஆய்வுக்கூடத்தில் எண்டோஸ்டாட்டின் கிடைத்தது. பார்த்தால், அது 18-ஆம் வகைக் கொலாஜனின் கடைக்கோடித் துண்டு! செல்கள் ஊர்ந்து செல்ல இன்டெக்ரின் என்ற கொக்கிகள் உதவுகின்றன. துண்டு அந்தக் கொக்கியில் மாட்டிக்கொள்கிறது, செல் நின்றுவிடுகிறது. தடைக்கு இதுவும் ஒரு காரணம். எலிகளின் கட்டிகள் சுருங்கின.

1998-ல் பத்திரிகைகள் இதைப் பெரிதாக வெளியிட்டதும், மருந்து கேட்டு நோயாளிகள் மொய்த்தனர். பாவம், 1999-ல் அமெரிக்காவில் மனிதரிடம் தொடங்கிய சோதனைகளில் எலியிடம் கண்ட பலன் கிட்டவில்லை. சற்றே மாற்றிய எண்டோஸ்டாட்டினைச் சீனா மட்டும் 2005-ல் நுரையீரல் புற்றுநோய்க்கு, வேறு மருந்துகளோடு சேர்த்து ஊசியாகப் போட அனுமதித்தது.

புனே கடைகளில் விற்கும் கொலாஜன் பொடி கட்டியைக் கரைக்குமா என்று நம்மவர்கள் கேட்கிறார்கள். கரைக்காது. பொடி மாட்டுத் தோலிலோ மீன் தோலிலோ எடுத்தது. வயிற்றில் செரித்துப் பொடிப்பொடியாகத்தான் ரத்தத்தில் சேரும். எண்டோஸ்டாட்டின் அதிலிருந்து வராது. ஆட்டுக்கால் சூப்பும் அப்படியே. ருசிக்குக் குடிக்கலாம், தடையில்லை.

டப்பாவுக்குக் கொடுக்கும் பணம் மும்பை டாடா மருத்துவமனைக்குப் போய்வர உதவும். சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்கும் துணைக்கு ஒருவருக்கும் ரயிலில் இரண்டாம் வகுப்பில் 75 சதவீதக் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனை முத்திரையிட்ட படிவத்தை டிக்கெட் கவுண்டரில் கொடுக்க வேண்டும்.