கையெழுத்துக்கு முன் ஒரு பார்வை

நுவரெலியா நகரத்துக் கோல்ப் மைதானத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். அங்கே அமெச்சூர் போட்டி நடக்கும்போது விதி நடுவருக்கு என்ன வேலை?

கிரிக்கெட் நடுவரைப் போல அவர் ஒவ்வொரு பந்துக்கும் பக்கத்தில் நிற்பதில்லை. 18 குழிகளும் பரந்து கிடக்கின்றன. சந்தேகம் வந்து கூப்பிட்டால் போய் விதியைச் சொல்வார். காணாமற்போன பந்தைத் தேட 3 நிமிடந்தான். 2019க்கு முன்பு 5 நிமிடம் இருந்தது.

பெரிய வேலை கடைசியிலேதான். அடிகளைக் கூட்டி வெற்றி பார்க்கும் போட்டியில், ஒருவரின் கணக்கைக் கூட ஆடுபவர் அட்டையில் எழுதுவார். இருவரும் கையெழுத்து வைக்க வேண்டும். அட்டையைக் கொடுத்த பிறகு, ஒரு குழிக்குக் கூடுதலாக எழுதியிருந்தால் அதுவே நிற்கும். குறைவாக எழுதியிருந்தால் பொதுவாகப் போட்டியிலிருந்தே நீக்கம்.

பெரிய ஆட்டக்காரருக்கும் இதே சட்டம்தான். 1968இல் அமெரிக்காவில் நடந்த மாஸ்டர்ஸ் போட்டியில், ஆர்ஜென்டினா நாட்டு ரொபேர்ட்டோ டி விசென்சோ 17ஆம் குழியை 3 அடியில் முடித்தார். அட்டையிலோ 4 என்று இருந்தது. கவனிக்காமல் கையெழுத்து வைத்துவிட்டார். அந்த ஓர் அடியால், முதலிடத்துக்காக மீண்டும் மோதும் வாய்ப்பே போய்விட்டது.

ஆகவேதான் நல்ல நடுவர், "அவசரமில்லை, ஒவ்வொரு குழியாகப் பாருங்கள்" என்பார். கொழுந்து நிறுக்கும் இடத்திலும் சம்பள நாளிலும் நாமும் அப்படியே செய்வோம். கிலோவையும் பேர் எண்ணிக்கையையும் சரிபார்த்த பிறகே கையெழுத்து.