நடன விருந்துக்கு வராத பெண்

ஏப்ரல், மே மாதங்கள் வந்துவிட்டால் போதும். அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் பாடம் நடக்கிறதோ இல்லையோ, ஒரு பேச்சு மட்டும் ஓயாமல் நடக்கும். "நீ யாரோடு போகிறாய்? என்ன உடை? என்ன வண்டி?" என்று வகுப்பிலும் சாப்பாட்டுக் கூடத்திலும் இதே விசாரணைதான். படிப்பு முடிந்து பிரியப்போகிற மாணவ மாணவியருக்காக நடக்கும் நடன விருந்தைப் பற்றிய பேச்சு அது. அதன் பெயர் 'பிராம்'.

நம் ஊர்ப் பள்ளிகளிலும் பிரிவு உபசார விழா உண்டு. வடை, காராபூந்தி, குரூப் போட்டோ, இரண்டு சொற்பொழிவு, கொஞ்சம் கண்ணீர் என்று அது முடிந்துவிடும். அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அது போதாது. பையன் கறுப்புக் கோட்டை வாடகைக்கு எடுக்கிறான். பெண் நீண்ட பட்டு அங்கி வாங்குகிறாள். பையன் பெண்ணின் வீட்டுக்கே வந்து அவள் மணிக்கட்டில் பூங்கொத்துக் கட்டுகிறான். பெற்றோர் வாசலில் நின்று படம் எடுக்கிறார்கள். பிறகு ஜோடி ஜோடியாக மோட்டாரில் ஏறி விருந்து மண்டபத்துக்குப் போகிறார்கள். அங்கே இசை, நடனம், சாப்பாடு எல்லாம் உண்டு. நடுவில் மாணவர்கள் வாக்களித்து ஒரு ராஜாவையும் ஒரு ராணியையும் தேர்ந்தெடுத்துக் கிரீடம் சூட்டுவார்கள். செலவா? விசா கம்பெனி 2015-ம் வருஷம் எடுத்த கணக்குப்படி, குடும்பம் ஒன்றுக்கு இந்த ஓர் இரவுக்காகச் சராசரி 919 டாலர்!

இத்தனை அமர்க்களத்துக்கும் நடுவே, "நான் வரவில்லை" என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்துவிடுகிற பிள்ளைகளும் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கிறார்கள். அவர்களில் முஸ்லிம் மாணவிகளின் கதை தனி. அதைச் சொல்லுமுன், இந்தப் பிராம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

வெள்ளை மாளிகையிலும்!

'பிராமினேட்' என்றால் உலாப் போவது. அந்தச் சொல்லின் வால் அறுந்து 'பிராம்' ஆயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் படித்த கல்லூரிகளில் தொடங்கிய வழக்கம் இது. இருபதாம் நூற்றாண்டில் உயர்நிலைப் பள்ளிகளுக்கு இறங்கியது. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு நாட்டில் பணம் புழங்கவே, பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தை விட்டு ஓட்டல் மண்டபங்களுக்கு ஏறிவிட்டது. 1975-ம் வருஷம் ஜனாதிபதி ஃபோர்டின் மகள் சூசன் படித்த பள்ளியின் பிராம் வெள்ளை மாளிகையிலேயே நடந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இந்த நடன மண்டபத்தின் வாசலில்தான் அமெரிக்க சமூகத்தின் வேலிகளும் தெரிகின்றன. ஜார்ஜியா மாகாணத்தில் டர்னர் கவுன்டி உயர்நிலைப் பள்ளியில் வெள்ளை மாணவர்களும் கறுப்பு மாணவர்களும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து படித்தார்கள். பிராம் மட்டும் வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று. இரு சாராரும் சேர்ந்து முதன்முதலாகப் பள்ளியின் பிராமில் ஆடியது எப்போது தெரியுமா? 2007-ல்! மிஸிஸிப்பி மாகாணத்துச் சார்ல்ஸ்டன் என்ற ஊரில் சினிமா நடிகர் மார்கன் ஃப்ரீமன், "செலவு என்னுடையது, சேர்ந்து ஆடுங்கள்" என்று முன்வந்த பிறகுதான் 2008-ல் அது நடந்தது.

மதத்தின் பேரால் நடனத்தை ஒதுக்கியவர்கள் முஸ்லிம்கள் மட்டும்தான் என்று எண்ணிவிடக் கூடாது. ஓக்லஹாமா மாகாணத்தில் எல்மோர் சிட்டி என்ற சிற்றூரில் பொது நடனமே சட்டப்படி தடுக்கப்பட்டிருந்தது. அந்த ஊர்ப் பள்ளி மாணவர்கள் மன்றாடி 1980-ல்தான் முதல் பிராமை நடத்தினார்கள். தேவாலயத்துப் பெரியவர்கள் பலர் அதை எதிர்த்தார்கள். 'ஃபுட்லூஸ்' என்ற 1984-ம் வருஷத்துப் படத்துக்கு வித்திட்டது இந்தச் சம்பவமே. இல்லினாய் மாகாணத்து வீட்டன் கல்லூரி 1860-ல் நிறுவப்பட்ட கிறிஸ்தவக் கல்லூரி. அங்கே மாணவர்களுக்கு முதல் நடன விழா 2003-ல்தான் நடந்தது. ஆகவே, "ஆடமாட்டேன்" என்பது அமெரிக்க மண்ணுக்குப் புதிய சொல் அல்ல.

பாங்கு ஒலிக்கும் அமெரிக்க ஊர்

மிச்சிகன் மாகாணத்தில் டெட்ராய்ட் மாநகரத்தின் வயிற்றுக்குள் ஹாம்டிராமிக் என்று ஒரு குட்டி நகரம் இருக்கிறது. பரப்பு இரண்டே சதுர மைல்தான். டாட்ஜ் மோட்டார் தொழிற்சாலையை நம்பி வந்த போலந்து நாட்டுக் கத்தோலிக்கர்கள் உருவாக்கிய ஊர் இது. 1987-ல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் இங்கே விஜயம் செய்தார். தம் நாட்டு மக்கள் குடியேறிய ஊர் அல்லவா? அதற்குள் தொழிற்சாலை மூடப்பட்டு ஏழு வருஷம் ஆகியிருந்தது. வேலை போயிற்று, போலந்துக்காரர்களின் பிள்ளைகள் புறநகர்களுக்குப் போனார்கள். மலிவாகக் கிடைத்த வீடுகளில் யேமன், வங்காளதேசம், போஸ்னியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் குடியேறினார்கள். 2004-ல் பள்ளிவாசல் பாங்கை ஒலிபெருக்கியில் சொல்லலாமா என்று நகரசபையில் பெரிய சர்ச்சை எழுந்து, கடைசியில் அனுமதி கிடைத்தது. 2015-ல் நகரசபையில் முஸ்லிம் உறுப்பினர்களே பெரும்பான்மை ஆனார்கள்.

இப்படிப்பட்ட ஊரில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். தகப்பனார் வங்காளதேசத்திலிருந்து வந்தவர். பெண் பிறந்தது மிச்சிகனில். ஆங்கிலத்தில்தான் கனவு காண்கிறாள். கணக்கில் முதல் மார்க். தலையில் முக்காடு. பிராமுக்கு அவள் போவதா, வேண்டாமா?

அவளுக்கு எதிரே நிற்கிற கேள்விகளை எண்ணிப் பாருங்கள். மணம் செய்துகொள்ளத் தக்க அந்நிய ஆடவனோடு கைகோத்து ஆடுவதை அவள் மார்க்கம் ஒப்புவதில்லை. கடையில் தொங்குகிற பிராம் உடைகளில் பாதிக்குக் கையில்லை, மீதிக்கு முதுகில்லை. உள்ளே கைநீளச் சட்டை போட்டு, மேலே ஒரு குட்டைக் கோட்டும் தைத்துக்கொண்டால் சமாளிக்கலாம்; பலர் அப்படிச் சமாளிக்கத்தான் செய்கிறார்கள். ஆனால் விருந்துக்குப் பின் யாராவது ஒருவர் வீட்டில் நடக்கும் 'பின் விருந்து' இருக்கிறதே, அங்கே இருபத்தொரு வயதாகாத பிள்ளைகளின் கையிலும் மது வந்து சேர்ந்துவிடுகிறது. சட்டம் தடுத்தும் நிற்காத சங்கதி இது. முஸ்லிம் அல்லாத பெற்றோரும் அந்த இரவெல்லாம் தூங்காமல் உட்கார்ந்திருப்பது இதற்குப் பயந்துதான்.

நேரமும் ஒரு சிக்கல். மே மாதக் கடைசியில் டெட்ராய்ட் பக்கத்தில் சூரியன் மறைய இரவு ஒன்பது மணி ஆகிவிடும். பிராம் களைகட்டுகிற அதே நேரத்தில் மஃரிப் தொழுகை. ரமலான் மாதமோ ஆண்டுக்கு ஏறத்தாழப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே வருவது. 2018-ல் மே நடுவில் தொடங்கி ஜூன் நடுவில் முடிந்தது. அந்த வருஷம் பல பள்ளிகளில் பிராம் நோன்புக் காலத்திலேயே வந்தது. பதினாறு மணி நேரத்துக்கு மேல் தண்ணீரும் குடிக்காமல் இருந்த பெண், மற்றவர்கள் விருந்துண்ணும் மேஜையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்!

தடையா, விருப்பமா?

இவ்வளவும் இருக்க, அந்தப் பெண்ணை உண்மையில் வருத்துவது வேறொன்று. "நான் வரவில்லை" என்று அவள் சொன்னவுடன் வகுப்புத் தோழி என்ன கேட்கிறாள்? "ஐயோ பாவம், உன் அப்பா விடமாட்டாரா?" என்கிறாள். தோழிக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனாலும் அந்த 'ஐயோ பாவம்' சுடுகிறது. போக விரும்பாமல் இருக்க ஒரு முஸ்லிம் பெண்ணுக்குத் தன் புத்தியே போதும் என்று யாரும் நம்புவதில்லை. கூட்டம் பிடிக்காத வெள்ளைக்காரப் பையன் பிராமுக்குப் போகாவிட்டால், "அவன் சுபாவம் அப்படி" என்று விட்டுவிடுகிறார்கள். அவள் போகாவிட்டால் மட்டும் தகப்பனார் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுகிறார்.

தகப்பனார் தடுக்கிற வீடுகள் இல்லையா என்றால், இருக்கின்றன, நிறையவே இருக்கின்றன. கேட்கவே பயந்து, கேள்வியை வாயிலேயே விழுங்கிவிடுகிற பெண்களும் உண்டு. வீட்டில், "தோழியோடு படிக்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டு, தோழியின் வீட்டில் உடை மாற்றிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. ஆனால் தடுக்கப்பட்டு நிற்கும் பெண்ணும், தானே யோசித்து நிற்கும் பெண்ணும் ஒருத்தி அல்ல. வெளியிலிருந்து பார்த்தால் இருவரும் சனிக்கிழமை இரவு வீட்டில் உட்கார்ந்திருப்பது ஒரே மாதிரிதான் தெரியும். உள்ளே ஒருத்தி அழுதுகொண்டிருக்கிறாள். மற்றவள் அக்காளோடு ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். அதற்காக இரண்டாமவளுக்கு மனத்தில் ஒரு சிறு நெருடலும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பதினேழு வயதில், எல்லாரும் போகிற இடத்துக்குப் போகாமல் இருப்பது லேசான காரியமா? மறுநாள் காலையில் தொலைபேசியைத் திறந்தால் படம் படமாக வருகிறது. தானில்லாத படங்கள்!

அந்த வீட்டிலேயே ஓர் அண்ணன் இருந்தால் கதை இன்னும் சுவாரசியம். அவனும் இரண்டு வருஷத்துக்கு முன் இதே பள்ளியில் படித்தவன். அவன் பிராமுக்குப் போனானா என்று யாரும் துருவிக் கேட்கவில்லை. "நண்பர்களோடு வெளியே போகிறேன்" என்றான், போனான், நள்ளிரவில் வந்தான், சோறு சாப்பிட்டான். குர்ஆனில் அந்நூர் அத்தியாயத்தில் பார்வையைத் தாழ்த்திக்கொள்ளும்படி கட்டளை வருகிற இடத்தில், முதல் கட்டளை ஆண்களுக்கு, அடுத்ததுதான் பெண்களுக்கு. பல வீடுகளில் இந்த முதல் கட்டளை எப்படியோ மறந்துபோய்விடுகிறது. பெண்கள் மறக்கவில்லை. வீட்டுச் சண்டையில் அதை எடுத்துக் காட்டுகிற தங்கைகளுக்குப் பஞ்சமில்லை.

ஆண்கள் இல்லாத பிராம்

போகவும் வேண்டாம், அழவும் வேண்டாம் என்று சில பெண்கள் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். 2003-ம் வருஷம் கலிபோர்னியா மாகாணம் ஸான் ஹோசே நகரில் பள்ளிப் படிப்பை முடிக்கும் முஸ்லிம் மாணவிகள் சிலர் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்துத் தாங்களே பிராம் நடத்திக்கொண்டார்கள். வண்ண விளக்கு உண்டு, தலை அலங்காரம் உண்டு, ராணிக்குக் கிரீடமும் உண்டு. ஆண் பிள்ளைகள் மட்டும் இல்லை. தொழுகை நேரம் வந்தது. ஆட்டத்தை நிறுத்தி, அதே பகட்டான உடைகளோடு மக்காவின் திசை நோக்கித் தொழுதார்கள். பிறகு மறுபடி ஆட்டம்.

ஹாம்டிராமிக் உயர்நிலைப் பள்ளி மாணவிகளும் 2012-ல் இதையே செய்தார்கள். வங்காளதேசத்துக் குடும்பத்துப் பெண் ஒருத்தி முன்னின்று, தோழிகளைச் சேர்த்துக்கொண்டு, பணம் திரட்டி மண்டபம் பிடித்தாள். முஸ்லிம் அல்லாத மாணவிகளும் வந்தார்கள். கூட வரப் பையன் கிடைப்பானா என்ற கவலை இல்லாத பிராம் அவர்களுக்கும் பிடித்துத்தான் இருந்தது போலும்!

இத்தகைய விருந்துக்கு ஏற்பாடு செய்வது விளையாட்டல்ல. இசைத்தட்டு வைக்கிறவர் பெண்ணாக இருக்க வேண்டும். பரிமாறுகிறவர்களும் படம் பிடிக்கிறவரும் பெண்களாக இருக்க வேண்டும். ஜன்னல் திரை விலகக் கூடாது. வாசலில் ஒருவர் காவல் நிற்க வேண்டும். முக்காட்டை எடுத்துவிட்டு ஆடுகிற பெண்ணின் படம் தவறிக்கூட இணையத்தில் ஏறிவிடக் கூடாதே! ஒன்பது மாதம் ஒன்றாகப் படித்த தோழியின் தலைமுடி சுருட்டையா, நீளமா என்பதை மற்ற மாணவிகள் முதன்முதலாகப் பார்ப்பதே அன்றுதான்.

இதையும் குறை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். "ஆண்கள் இல்லாவிட்டாலும் பிராம் பிராம்தானே? ஏன் அவர்களைப் பார்த்து நாம் காப்பி அடிக்க வேண்டும்?" என்று சில பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். "பள்ளியிலிருந்து பெண்களை இப்படிப் பிரித்துக் கொண்டுபோவது சரியா?" என்று வேறு சிலர் எதிர்ப் பக்கத்திலிருந்து கேட்கிறார்கள். இருவர் பேச்சிலும் ஏதோ கொஞ்சம் நியாயம் இருக்கலாம். ஆனால் பெண்களைக் கேட்காமல் இரண்டு பக்கமும் பேசிக்கொண்டே போவதுதான் வேடிக்கை.

எல்லா ஊரிலும் நூறு முஸ்லிம் மாணவிகள் கிடைத்துவிடமாட்டார்கள். ஒரு பள்ளிக்கே ஒருத்தி, இருவர் என்று இருக்கிற சிற்றூர்கள்தான் அமெரிக்காவில் அதிகம். அங்கே மூன்றாவது வழி ஏது? போக வேண்டும், அல்லது போகாமல் இருக்க வேண்டும். போகாமல் இருக்கிற பெண் திங்கட்கிழமை காலை வகுப்புக்கு வந்தே ஆக வேண்டும். யார் யாரோடு ஆடினார்கள், யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று மேஜைக்கு மேஜை கதை நடக்கும். அவளும் கேட்பாள்; சிரிப்பாள். இரண்டு நாளில் அந்தப் பேச்சு அடங்கி, பரீட்சைப் பேச்சு தொடங்கிவிடும்.

சில வாரங்களில் பள்ளி இறுதிப் பட்டமளிப்பு. அதற்கு அவள் போகிறாள். தாயும் தகப்பனாரும் அண்ணனும் முன் வரிசைக்கு இடம் பிடிக்க ஒரு மணி நேரம் முன்பே புறப்படுகிறார்கள். அந்தச் சதுரத் தொப்பி முக்காட்டின் மேல் நழுவாமல் நிற்க எத்தனை ஊசி குத்த வேண்டும் என்று கண்ணாடி முன் நின்று அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.