ஓர் எஸ் படுத்தும் பாடு

எதிர்வீட்டுப் பையன் எட்டாம் வகுப்பு. ஒரு சாயங்காலம் ஆங்கிலப் பரீட்சைத் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தான். கோடிட்ட இடத்தில் இஸ் வருமா, ஆர் வருமா என்று பத்துக் கேள்வி. அதில் ஆறு தப்பு.

"மேங்கோஸ்னா பன்மைதானே மாமா? அப்ப ஆர் போட்டது எப்படித் தப்பாகும்?"

வாக்கியம் இதுதான்: 'த குவாலிட்டி ஆஃப் த மேங்கோஸ்... குட்.'

"இதையே தமிழ்ல சொல்லு பார்ப்போம்" என்றேன்.

"மாம்பழங்களோட தரம் நல்லா இருக்கு."

"எது நல்லா இருக்கு?"

"தரம்."

"தரம் ஒண்ணா, பலதா?"

பதில் சொல்லவில்லை. பென்சிலை எடுத்து ஆரை அடித்துவிட்டு இஸ் என்று எழுதினான். மீதித் தப்புகளில் நான்கை அவனே திருத்திக்கொண்டான். நான் அவனுக்கு எந்த விதியும் சொல்லித்தரவில்லை. அவனிடம் ஏற்கெனவே இருந்த தமிழைக் கொஞ்சம் கிளறிவிட்டேன், அவ்வளவுதான்.

ஆங்கிலத்தில் எழுவாய்க்கு ஏற்ப வினையை அமைப்பதை 'சப்ஜெக்ட் வெர்ப் அக்ரிமென்ட்' என்கிறார்கள். பழைய வாத்தியார்கள் 'கன்கார்ட்' என்பார்கள். போட்டித் தேர்வு எழுதுபவர்களுக்கும், நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கும், இருபது வருடம் அலுவலகத்தில் ஆங்கிலத்தில் கடிதம் எழுதியவர்களுக்கும்கூட இது ஒரு கண்ணிவெடி. இருபது விதி, முப்பது விதி என்று மனப்பாடம் செய்கிறார்கள். பேச வாயெடுத்ததும் அத்தனையும் மறந்துபோகிறது. விதிகளில் பாதிக்கு மேல் நம் தாய்மொழியிலேயே இருக்கின்றன என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

கடலும் குட்டையும்

எழுவாய்-வினை இயைபு விஷயத்தில் தமிழ் கடல் என்றால் ஆங்கிலம் குட்டை. வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தன என்று ஆளுக்கு ஒரு விகுதி வைத்திருக்கிறோம். தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் கிளவியாக்கத்தில் தொடங்குகிறது. அந்த முதல் இயலே உயர்திணை, அஃறிணை என்று பிரித்து, ஐம்பாலையும் வகுத்து, பெயரும் வினையும் ஒன்றோடொன்று மயங்கக் கூடாது என்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூல், பவணந்தி முனிவர் செய்தது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று ஏழு வகை வழுக்களை அது எண்ணிச் சொல்கிறது.

ஆங்கிலத்திடம் இன்று மிஞ்சியிருப்பது என்ன? 'பீ' என்ற வினைக்கு மட்டும் ஆம், இஸ், ஆர், வாஸ், வேர். மற்ற வினைகளுக்கெல்லாம் ஒரே ஓர் எஸ். அதுவும் படர்க்கை ஒருமை நிகழ்காலத்தில் மட்டும். ஐ கோ, யூ கோ, வீ கோ, தே கோ எல்லாம் மொட்டைதான். ஹி, ஷி, இட் வந்தால்தான் கோஸ். இறந்தகாலத்தில் வெண்ட் என்று எல்லாருக்கும் ஒரே சட்டை.

ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஆங்கிலம் இப்படி இல்லை. நான், நீ, அவன் மூவருக்கும் வேறு வேறு விகுதி, பன்மைக்கு இன்னொன்று. காலப்போக்கில் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அவனுக்கு உரிய விகுதி தெற்கே 'எத்' என்று ஒலித்தது. எஸ் இங்கிலாந்தின் வடக்கத்தி வழக்கு; பத்தாம் நூற்றாண்டு வடக்கத்திக் கையெழுத்துப் படிகளிலேயே தென்படுகிறது. அது மெல்லத் தெற்கே இறங்கி லண்டனைப் பிடித்தது. ஷேக்ஸ்பியர் 'ஹேத்', 'ஹேஸ்' இரண்டையும் கலந்து எழுதினார். 1611இல் வெளியான கிங் ஜேம்ஸ் பைபிளோ பழைய எத்தை விடவில்லை. பேச்சில் எஸ் ஜெயித்தது. அந்த ஒற்றை எஸ்தான் நம் மார்க்கைப் பறிக்கிறது.

ஒரே ஓர் ஆள் முன்னால் நின்றாலும் 'யூ ஆர்' என்று ஏன் பன்மை வினை? தமிழருக்கு இதைப் புரியவைக்க ஒரு நிமிடம் போதும். ஆங்கிலத்திலும் 'தவ்' என்று ஒரு 'நீ' இருந்தது. 'யூ' என்பது பன்மைக்கும் மரியாதைக்குமான 'நீங்கள்'. போகப் போக எல்லாரையும் நீங்கள் போட்டே பேசத் தொடங்கினார்கள், நீ வழக்கொழிந்துபோனது. 'நீங்கள் வருகிறாய்' என்று நாம் சொல்வோமா? 'யூ இஸ்' வராததும் அதனால்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் ஒருவரைப் பார்த்து 'யூ வாஸ்' என்று சொல்லும் பழக்கம் பரவியிருந்தது. பின்னாளில் லண்டன் பிஷப் ஆன ராபர்ட் லௌத், 1762இல் வெளியிட்ட தன் இலக்கண நூலில் அதைக் கண்டித்தார்.

கடைசியில் நிற்பவன் யார்?

பரீட்சைத் தாள்களில் அதிகம் பேர் சறுக்கும் இடம், எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் வேறொரு பெயர் வந்து உட்காரும் இடம். 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்' என்றதும் காதில் ஒலிப்பது ஃப்ரெண்ட்ஸ். கை தானாக லிவ் என்று எழுதிவிடுகிறது. சரியானது லிவ்ஸ்.

வெள்ளைக்காரர்களும் இங்கே வழுக்குகிறார்கள். 1991இல் கேத்ரின் பாக், கேரல் மில்லர் என்ற இரு ஆய்வாளர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடம் வாக்கியத்தின் முன்பாதியைக் கொடுத்துப் பின்பாதியைச் சொல்லச் சொன்னார்கள். 'அலமாரிகளின் சாவி' என்பது போன்ற தொடர்களில் எழுவாய் ஒருமையாக இருந்தும், பக்கத்தில் நின்ற பன்மைப் பெயர் வினையைத் தன் பக்கம் இழுத்தது.

தமிழில் இந்த இழுபறிக்கு அதிகம் வேலை இல்லை. காரணம், சொற்களின் வரிசை. ஆங்கிலத்தில் தலைமைப் பெயர் முன்னால் வந்துவிடும். அதன் வால் பின்னால் நீளும். தமிழில் அடைமொழிகள் எல்லாம் முன்னால் வரும். தலைமைப் பெயர் கடைசியில் வந்து நிற்கும். 'நண்பர்களில் ஒருவன்', 'அலமாரிகளின் சாவி', 'கடைசி பெஞ்சில் உட்காரும் பையன்கள்'. ஒருவன், சாவி, பையன்கள். கடைசியில் நிற்பவன்தான் எழுவாய். ஆகவே குழப்பம் வந்தால் எழுவாய்த் தொடரை மட்டும் மனசுக்குள் தமிழாக்குங்கள். கடைசிச் சொல் ஒருமையா பன்மையா என்று பாருங்கள். ஆங்கிலத்தில் வினையைப் போட்டுவிட்டு மேலே போங்கள்.

இந்தச் சோதனை எவ்வளவு தூரம் தாங்குகிறது என்று பார்ப்போம்.

'எ நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ்', 'த நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ்' இரண்டும் தேர்வுத்தாள் தயாரிப்பவர்களின் செல்லப் பிள்ளைகள். முதலாவது 'பல மாணவர்கள்', கடைசிச் சொல் மாணவர்கள், எனவே ஆர். இரண்டாவது 'மாணவர்களின் எண்ணிக்கை', கடைசிச் சொல் எண்ணிக்கை, எனவே இஸ்.

'த டீச்சர் அலாங் வித் த ஸ்டூடண்ட்ஸ்' என்றால்? 'மாணவர்களுடன் ஆசிரியர்'. உடன் வந்தவர்கள் உடன் வந்தவர்களே, பயணம் ஆசிரியருடையது. எனவே இஸ். 'ஆசிரியரும் மாணவர்களும்' என்று உம் போட்டுச் சேர்த்தால்தான் பன்மை. ஆங்கில 'ஆண்ட்', நம் உம். ஆங்கில 'வித்', நம் உடன். இலக்கணப் புத்தகம் அரைப் பக்கத்தில் விளக்குவதை இரண்டு இடைச்சொற்கள் முடித்துவிடுகின்றன.

'ஃபைவ் ஹண்ட்ரட் ருபீஸ் இஸ் நாட் இனஃப்' என்பதில் ருபீஸுக்குப் பிறகு இஸ் வருவதைப் பார்த்துப் பலர் மலைப்பார்கள். 'ஐந்நூறு ரூபாய் போதாது' என்கிறோம். ரூபாய்கள் என்கிறோமா? பணம், தூரம், நேரம் ஆகியவற்றை ஒரே தொகையாகப் பார்ப்பது நமக்கும் பழக்கம்.

இதைவிட ருசியான ஒற்றுமை ஒன்று உண்டு. 'ஹி கேன் கம்ஸ்', 'ஷி மஸ்ட் கோஸ்' என்று எழுதும் மாணவர்கள் ஏராளம். கேன், மே, மஸ்ட், ஷுட் வந்தால் எஸ் வராது என்று ஒரு தனி விதி படிக்கிறார்கள். தமிழில் யோசியுங்கள்: அவன் வரலாம், அவள் வரலாம், அவர்கள் வரலாம். நான் வர வேண்டும், அவன் வர வேண்டும், மாடுகள் வர வேண்டும். இத்தனை விகுதி வைத்திருக்கும் தமிழே இந்த இடத்தில் கையைக் கட்டிக்கொள்கிறது. ஆங்கிலமும் அப்படியே. 'டஸ்' வந்தாலும் அதேதான். 'அவன் வரவில்லை' என்பதில் 'வர' மொட்டையாக நிற்பதுபோல், 'ஹி டஸ் நாட் கம்' என்பதில் கம் மொட்டையாக நிற்கிறது. எஸ்ஸை டஸ் ஏற்கெனவே எடுத்துக்கொண்டது. மறுபடி கம்முக்குக் கொடுத்தால் இரட்டைச் செலவு.

தமிழ் காலை வாரும் இடங்கள்

எல்லா இடத்திலும் இந்தத் துணை கைகொடுக்காது.

முதலாவது, நம் பேச்சு. எழுத்தில் 'மாடுகள் வருகின்றன' என்போம். வாயில் 'மாடுங்க வருது'. அஃறிணை வினையில் ஒருமை, பன்மை வித்தியாசத்தைப் பேச்சுத் தமிழ் எப்போதோ கைவிட்டுவிட்டது. அந்தப் பழக்கம் ஆங்கிலத்திலும் தொற்றுகிறது. எனவே தமிழில் வினையைப் பார்க்காதீர்கள், பெயரைப் பாருங்கள்.

இரண்டாவது, மரியாதை. 'அப்பா வர்றாங்க', 'தலைமையாசிரியர் வந்திருக்கிறார்கள்' என்று ஒருவருக்கே பன்மை தருகிறோம். ஆங்கில வினைக்கு மரியாதை தெரியாது. கலெக்டரும் ஒருமைதான், கடைப்பையனும் ஒருமைதான். தலையை எண்ணுங்கள்; பதவியை எண்ண வேண்டாம்.

மூன்றாவது, 'எல்லாரும்'. தமிழில் 'எல்லாரும் வந்தார்கள்' பன்மை. ஆங்கிலத்தில் 'எவ்ரிபடி ஹேஸ் கம்' ஒருமை. அதை 'ஒவ்வொரு ஆளும் வந்தான்' என்று மாற்றிப் பார்த்தால் கதவு திறக்கும்.

நான்காவது, சில அடாவடிச் சொற்கள். நமக்குக் கத்தரிக்கோல் ஒன்று. அவர்களுக்கு 'சிசர்ஸ் ஆர்'. 'நியூஸ்', 'மேத்தமேட்டிக்ஸ்' எஸ்ஸில் முடிந்தாலும் ஒருமை. எஸ் இல்லாத 'போலீஸ்' பன்மை. இவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும். நல்லவேளையாகப் பட்டியல் சிறியது.

சில இடங்களில் ஆங்கிலம் பேசுபவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. கிரிக்கெட் வர்ணனையில் 'இந்தியா ஆர்' என்று கேட்டிருப்பீர்கள். பிரிட்டிஷ் வழக்கில் அணி என்றால் பதினொரு பேர். அமெரிக்கருக்கு டீம் ஒன்றுதான். அந்த அமெரிக்கரும் ஒரு காலத்தில் தங்கள் நாட்டையே பன்மையில் எண்ணினார்கள். அடிமைமுறையை ஒழித்த 1865ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் சட்டத்திருத்தம், யுனைடெட் ஸ்டேட்ஸைக் குறிக்க 'தேர்' என்ற பன்மைச் சொல்லையே ஆள்கிறது. இன்று அது 'இஸ்'.

வாயும் பழக வேண்டும்

விதி தெரிந்தும் வாயில் எஸ் வராதவர்கள் உண்டு. அது அறிவுக் குறை அல்ல. தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை. பஸ்ஸையே 'பஸ்ஸு' என்றுதான் இறக்கிவைக்கிறோம். 'ஆஸ்க்ஸ்' என்று மூன்று மெய்களை வாலில் கட்டினால் நாக்கு தடுமாறத்தான் செய்யும். அதனால் கண்ணால் படித்தால் போதாது. உரக்கச் சொல்லிப் பழக வேண்டும்.

ஆங்கிலம் பேசும் குழந்தைகளுக்கே இந்த எஸ் தாமதமாகத்தான் வருகிறது. ஹார்வர்டு பேராசிரியர் ராஜர் பிரவுன் மூன்று குழந்தைகளின் பேச்சைத் தொடர்ந்து பதிவுசெய்து, 1973இல் ஒரு நூல் எழுதினார். பெயரின் பன்மை எஸ் அந்தக் குழந்தைகளுக்கு முதலில் வந்தது. வினையின் எஸ் வெகுவாகப் பிந்தியே வந்தது. ஒலி ஒன்றுதான், வேலை வேறு. இங்கிலாந்தின் நாரிச் பகுதியில் 'ஷி கோ' என்று எஸ் இல்லாமலே பேசும் வட்டார வழக்கும் உண்டு. ஆனால் தேர்வுத்தாளும் வேலை விண்ணப்பமும் நாரிச் வழக்கை ஏற்காது. நமக்கு எஸ் வேண்டும்.

பயிற்சி என்று நாம் செய்வதில்தான் பெரிய கோளாறு. ஆங்கிலம் பேசப் பழகு என்றால் முதல் பாடம் 'மைசெல்ஃப்'. என் பெயர், நான் படிப்பது, எனக்குப் பிடித்தது. நேர்முகத் தேர்வுக்கும் அதே சுய அறிமுகம். வாக்கியத்துக்கு வாக்கியம் ஐ, ஐ, ஐ. ஐ வந்தால் எஸ்ஸுக்கு அங்கே என்ன வேலை? மாதக்கணக்கில் பழகியும் அந்த ஒரு விகுதி நாக்கைத் தொடாமலே போகிறது. தண்ணீரில் இறங்காமல் கரையிலேயே நீச்சல் பழகிய கதை.

எனவே உங்களைப் பற்றி எழுதுவதை ஒரு மாதம் நிறுத்திவையுங்கள். வீட்டில் முதலில் எழுந்திருப்பவர் யாரோ அவரைப் பற்றி, தினம் பத்து வாக்கியம் ஆங்கிலத்தில் எழுதுங்கள். அம்மா ஐந்து மணிக்கு எழுகிறார், வாசல் தெளிக்கிறார், பால் வாங்குகிறார், தம்பியை எழுப்புகிறார். கெட்ஸ் அப், ஸ்ப்ரிங்கிள்ஸ், பைஸ், வேக்ஸ். எழுதியதை உரக்க வாசியுங்கள். அடுத்து அம்மாவை எடுத்துவிட்டு அம்மாவும் அப்பாவும் என்று மாற்றி மறுபடி வாசியுங்கள். எஸ் எல்லாம் உதிர வேண்டும். மூன்றாவது முறை 'அம்மா செய்வதில்லை' என்று மாற்றுங்கள். எஸ் டஸ்ஸுக்கு இடம்பெயர வேண்டும்.

இதற்குப் புத்தகம் வேண்டாம், கட்டணம் வேண்டாம், கால் மணி நேரம் போதும். இன்று ராத்திரியே முதல் பத்து வாக்கியத்தை எழுதிவிடுங்கள்.