எழுத்தில்லாத கோப்பு, எழுத்தைக் காட்டும் திரை

கணிதப் புத்தகத்துக்கு மெய்ப்புப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பின்னக்கோடு மயிரிழை இறங்கினாலும் கண்ணை உறுத்தும். 1977இல் தன் நூலின் இரண்டாம் தொகுதிக்கு, அதன் இரண்டாம் பதிப்புக்காக வந்த மெய்ப்பைப் பார்த்து மனம் நொந்துபோனார் ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் டொனால்ட் கனூத். அந்த வேதனையில் பிறந்ததுதான் டெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருள்.

டெக் பக்கங்களைக் கோத்து முடித்ததும் டிவிஐ என்றொரு கோப்பைத் தரும். 1979இல் டேவிட் ஃபுக்ஸ் வகுத்த வடிவம் அது. அதற்குள் ஓர் எழுத்தின் உருவம்கூடக் கிடையாது. ‘இந்த எழுத்துருவை எடு, அதில் 65ஆம் எழுத்தை வை, இவ்வளவு வலப்பக்கம் நகர், இவ்வளவு கீழே இறங்கு’ என்ற கட்டளைகள் மட்டுமே வரிசையாக இருக்கும். தூரத்தை அளக்கும் அலகு, ஒரு பாயிண்டில் 65,536இல் ஒரு பங்கு. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமே அதைவிடப் பல மடங்கு பெரியது!

இவ்வளவு நுணுக்கமான பக்கத்தை முரட்டுப் புள்ளிகளாலான திரையில் எப்படிக் காட்டுவது? முன்னோட்ட மென்பொருளின் சாமர்த்தியமெல்லாம் இங்கேதான். யூனிக்ஸ் கணினிகளில் ஓடும் எக்ஸ்டிவிஐயைப் பாருங்கள். அச்சுப்பொறிக்கென்று செய்த எழுத்தையே எடுத்துச் சுருக்குகிறது அது. அச்சுப்பொறி அங்குலத்துக்கு 600 புள்ளி, திரை 100 புள்ளி என்றால், அச்சின் 36 புள்ளிகள் திரையில் ஒரே புள்ளியாக வேண்டும். அந்த 36இல் எத்தனை கறுப்போ, அதற்கேற்ற சாம்பல் நிறத்தைத் திரைப்புள்ளிக்குப் பூசிவிடுகிறது. வளைவுகள் படிக்கட்டாகத் தெரியாமல் வழவழப்பாகத் தெரிவது இதனால்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது அதிலுள்ள உருப்பெருக்கி. சமன்பாட்டின் கீழொட்டில் இருப்பது எண் 1-ஆ, ஆங்கில எல்-ஆ என்று சந்தேகம் வந்தால், அதன்மேல் மவுஸை அழுத்திப் பிடித்தால் போதும். சின்னச் சதுரம் ஒன்று திறந்து, அச்சுப்பொறி வைக்கப்போகும் புள்ளிகளை அப்படியே காட்டும். விரலை எடுத்தால் மறைந்துவிடும். காகிதம் செலவாகும் முன்பே பிழை பிடிபட்டுவிடும்.

டிவிஐயின் இடத்தில் இப்போது பெரும்பாலும் பிடிஎஃப்தான். அதற்கும் ஒரு நல்ல வசதி வந்திருக்கிறது: ழெரோம் லோரன் உருவாக்கிய சிங்க்டெக். பக்கத்தின் ஒவ்வொரு துண்டும் மூலக்கோப்பின் எந்த வரியிலிருந்து வந்தது என்பதை டெக் தனிக் கோப்பில் குறித்துவைக்கிறது. ஒகுலர், சுமத்ரா போன்ற பிடிஎஃப் காட்டும் மென்பொருள்களில் பிழையான இடத்தைச் சொடுக்கினால், எழுதும் திரையில் அந்த வரியிலேயே கொண்டுபோய் நிறுத்திவிடும். முந்நூறு பக்க ஆய்வேட்டில் ஒரு காற்புள்ளியைத் தேடி அலைந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.