நான்கு உள்ளங்கைப் பிடியில் மலையேறும் கார்கள்

ஏப்ரல் பிறந்துவிட்டால் நுவரெலியாவின் காலை அமைதி கலைந்துவிடும். விக்டோரியா பூங்காவில் பூக்கள், திடலில் குதிரைப் பந்தயம், கிரகரி வாவியைச் சுற்றி மக்கள் வெள்ளம். இவற்றுக்கு நடுவே, மாகஸ்தோட்டைத் தோட்டத்தின் பக்கமிருந்து எஞ்சின் ஒன்று உறுமும் ஓசை மலைமடிப்புகளில் மோதித் திரும்பும். கொழுந்துக்கூடை சுமந்த கால்களும் லொறிகளும் வழக்கமாகப் போய்வரும் தோட்ட வீதியில் அன்று பந்தயக் கார்கள் ஏறிக்கொண்டிருக்கும்.

வளைவுக்கு மேலே உள்ள மண்மேட்டில், கவாத்து வெட்டிய தேயிலைச் செடிகளுக்கு இடையில் இடம்பிடித்து நின்றால் முதலில் ஓசைதான் வரும், கார் கண்ணில் படாது. ஓசை நெருங்க நெருங்கக் கூட்டம் பேச்சை நிறுத்தும். பிறகு சட்டென்று ஒரு சிறிய கார் திருப்பத்தில் வெளிப்படும். பிரேக் பிடித்ததும் அதன் மூக்கு தாழும், பின்பக்கம் லேசாக வெளியே சறுக்கும். உள்பக்கத்துப் பின்சக்கரம் ஒரு கணம் தரையைவிட்டு எழும்பி மீண்டும் ஊன்றும். அடுத்த நொடி கார் போய்விடும். கருகிய ரப்பர் வாடையும் பெற்றோல் வாடையும் மட்டும் வளைவில் தங்கி நிற்கும்.

முதன்முறை பார்க்க வருபவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “இவருடன் போட்டிபோடும் மற்றக் கார் எங்கே?”

தனியே ஓடும் பந்தயம்

மற்றக் கார் அந்த வீதியில் இருக்காது. மலையேற்றப் பந்தயத்தில் ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஓடும். அடிவாரத்தில் நின்ற நிலையிலிருந்து புறப்பட வேண்டும், உச்சியிலுள்ள முடிவுக் கோட்டைக் கடக்க வேண்டும். இரு கோடுகளிலும் வீதிக்குக் குறுக்கே ஓர் ஒளிக்கற்றை பாயும். காரின் மூக்கு அதை மறைக்கும் கணத்தில் கடிகாரம் ஓடத் தொடங்கும். மேலே மறைக்கும் கணத்தில் நிற்கும். செக்கனின் நூறில் ஒரு பங்குவரை நேரம் குறிக்கப்படும். ஒவ்வொருவருக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட ஓட்டங்கள் கிடைக்கும், அவற்றில் சிறந்த நேரமே கணக்கில் எடுக்கப்படும்.

மோட்டார் விளையாட்டில் மிகப் பழைய வகைகளில் இது ஒன்று. ஒரு கார் மலையேறுமா என்பதே அதன் தரத்துக்கான முதல் சோதனையாக இருந்த காலத்தில் இது பிறந்தது. பிரான்சில் நீஸ் நகரிலிருந்து லா துர்பி மலைக்கு 1897இல் பந்தயம் நடந்தது. இங்கிலாந்தின் ஷெல்ஸ்லி வால்ஷ் மலைவீதியில் 1905இல் தொடங்கிய பந்தயம் அதே வீதியில் இன்றும் நடக்கிறது. ஒரு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவான அந்த வீதியை முதல் ஆண்டில் வென்ற கார் 77 செக்கன்களுக்கு மேல் எடுத்துக்கொண்டது. இன்றைய சாதனை 23 செக்கன்களுக்கும் குறைவு. அமெரிக்காவின் பைக்ஸ் பீக் பந்தயம் 1916இல் தொடங்கியது.

நம் மலைநாட்டில் மாகஸ்தோட்டைப் பந்தயத்தின் வரலாறு 1934 வரை பின்னோக்கிச் செல்கிறது. இன்று இலங்கை மோட்டார் விளையாட்டுக் கழகம் அதை நடத்துகிறது. நானுஓயாவுக்கு அருகிலுள்ள ரதல்ல தோட்டத்தில் இன்னொரு மலையேற்றம் நடக்கிறது. அந்நாளில் கார் வைத்திருந்த தோட்டத் துரைமாருக்கு விளையாட்டுத் திடலாக வாய்த்தவை தோட்ட வீதிகளே. அந்த வீதிகளுக்காக மலையை வெட்டி, கல் உடைத்து, மண் சுமந்தவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். ஒவ்வொரு திருப்பமும் அவர்கள் கைபட்டு வளைந்தது. அதனால் இந்தப் பந்தயத்தின் அறிவியலும் நம் வீட்டுக் கதைதான் என்று நினைக்கிறேன்.

பந்தய நாட்களின் ஒழுங்கு

இதில் ஓடுபவர்களில் பெரும்பாலோர் பந்தயத்தைத் தொழிலாகக் கொண்டவர்கள் அல்ல. வாரநாட்களில் வேறு வேலை, இரவில் கராஜில் காருடன் வேலை, ஏப்ரலில் மலை. ஒரே எஞ்சின் கொள்ளளவுள்ள கார்கள் ஒரே பிரிவில் மோதும். 1300 சிசி ஃபோர்ட் லேசர், மஸ்டா கார்களுக்கென்று ஒரு பிரிவு உண்டு. ஹொண்டா கார்களுக்கு ஒன்று, 3500 சிசிவரை செல்லும் வலிய கார்களுக்கு ஒன்று. பழைய மினி கார்களுக்கு மலைநாட்டு ரசிகர்களிடம் தனி அன்பு உண்டு.

ஓடுவதற்கு முன் பரிசோதனை நடக்கும். கார் உருண்டால் ஓட்டுநரைக் காக்கும் உருக்குக் குழாய்க்கூடு உள்ளே பொருத்தப்பட்டிருக்கிறதா, இருக்கைப் பட்டி தோளையும் இடுப்பையும் சேர்த்து இறுக்குகிறதா, தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, தலைக்கவசமும் தீ தாங்கும் உடையும் தகுதியானவையா என்று பார்ப்பார்கள். பிறகு பயிற்சி ஓட்டம். அதன் பிறகே போட்டி. ஓர் ஓட்டம் முடிந்து மேலே சேர்ந்த கார்கள் ஒரு தொகுதியாக மெதுவாக இறங்கி வரும். அந்த இடைவேளையில்தான் ஓட்டுநர் தன் தவறுகளை எண்ணிப் பார்ப்பார். எந்த வளைவில் சீக்கிரம் பிரேக் பிடித்தோம், எங்கே தாமதமாகக் கியர் மாற்றினோம் என்று மனத்துக்குள் மறுபடி ஒருமுறை மலையேறுவார். சுற்றுப்பாதைப் பந்தயத்தில் ஒரு தவற்றை அடுத்த சுற்றில் திருத்திக்கொள்ளலாம். இங்கே ஒவ்வொரு வளைவும் ஓர் ஓட்டத்தில் ஒருமுறைதான் வரும்.

டயரின் கைமுதல்

ஒரு காரின் டயர் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவுதான். நான்கு டயர்களுக்கு நான்கு உள்ளங்கை. வேகமெடுப்பதும் திரும்புவதும் நிற்பதும் அந்த நான்கு உள்ளங்கைகளின் பிடியில்தான் நடக்கின்றன. அந்தப் பிடிக்குப் பெயர் உராய்வு.

பிடியை ஒரு கைமுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் நூறு ரூபாய் இருக்கிறது. பிரேக்குக்கு நூறையும் செலவழித்தால் திரும்புவதற்கு மிச்சமில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகவே வழுக்கும். திருப்பத்துக்கு நூறையும் கொடுத்த நேரத்தில் வேகமெடுக்க முயன்றால் சக்கரம் சுழன்று பிடி கழன்றுவிடும். நல்ல ஓட்டுநர் நேரான பகுதியிலேயே பெரும்பாலான பிரேக்கை முடித்துவிடுவார். வளைவுக்குள் நுழைய நுழையப் பிரேக்கைத் தளர்த்தி, அந்தப் பிடியைத் திருப்பத்துக்கு மாற்றுவார். வளைவு நிமிர நிமிரத் திருப்பத்திலிருந்து எடுத்து ஆர்முடுகலுக்குக் கொடுப்பார். கடன் வாங்க முடியாத கணக்கு இது.

வளைவு கேட்கும் விசையும் கூட்டல் கணக்கில் ஏறுவதில்லை. வேகம் இரு மடங்கானால் காரை வளைவில் வைத்திருக்கத் தேவையான விசை நான்கு மடங்காகும். 15 மீற்றர் ஆரையுள்ள கொண்டைஊசி வளைவில், சாதாரண டயருடன் காய்ந்த வீதியில் மணிக்கு 41 கிலோமீற்றர் அளவில்தான் திரும்ப முடியும். மழை பெய்து பிடி மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் அது 34 கிலோமீற்றருக்கு இறங்கிவிடும். ஆரை 60 மீற்றராக விரிந்தால் 83 கிலோமீற்றர்வரை போகலாம்.

ஆகவே ஓட்டுநர் முயல்வது வளைவைப் பெரிதாக்கத்தான். வீதியை அகலமாக்க முடியாது. ஆனால் இருக்கும் அகலம் முழுவதையும் பயன்படுத்தலாம். வெளி ஓரத்திலிருந்து நுழைந்து, நடுவில் உள் ஓரத்தை உரசிக்கொண்டு, மீண்டும் வெளி ஓரத்துக்கு வெளியேறினால், காரின் தடம் வீதியின் வளைவைவிடப் பெரிய வட்டத்தின் துண்டாக அமையும். அதனால்தான் பந்தயக் கார் வீதி ஓரத்துப் புல்லைத் தொட்டுக்கொண்டு போகிறது.

மலைக்குக் கட்டும் கப்பம்

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கே வளி அமுக்கம் கொழும்பில் இருப்பதன் ஐந்தில் நான்கு பங்குதான். ஒவ்வொரு முறை எஞ்சின் மூச்சிழுக்கும்போதும் உள்ளே போகும் ஒட்சிசன் குறைகிறது. எரிக்கக்கூடிய பெற்றோலும் குறைகிறது, வலுவும் குறைகிறது. கொழும்பில் 75 குதிரைவலு தரும் எஞ்சின் இங்கே ஏறக்குறைய 60 குதிரைவலுதான் தரும். பழைய கார்புரேட்டர் காராக இருந்தால் இன்னொரு தொல்லை: வளி குறைந்தும் பெற்றோல் பழைய அளவிலேயே வரும், எஞ்சின் கரும்புகை கக்கித் திணறும். பெற்றோல் வரும் பித்தளைத் துளையாணியைக் கழற்றிச் சிறிய துளையுள்ள ஒன்றைப் போடுவார்கள். குண்டூசித் தலையைவிடச் சிறிய அந்தத் துளை ஓட்டத்தின் தலைவிதியை மாற்றும்.

அடுத்தது சரிவு. பத்து மீற்றர் முன்னே போனால் ஒரு மீற்றர் உயரும் ஏற்றத்தில், 1,000 கிலோ நிறையுள்ள காரை மலை 100 கிலோ சுமைக்கு ஈடான விசையுடன் பின்னுக்கு இழுக்கும். அந்த இழுப்பை எதிர்த்து மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஏற 36 குதிரைவலு வேண்டும். மேலே சொன்ன காரில் 60இல் 36ஐ மலைக்குக் கப்பமாகக் கட்டிவிட்டால் எஞ்சுவது 24. காற்றின் தடையைத் தள்ளுவதும் வேகத்தைக் கூட்டுவதும் அந்த எச்சத்தில்தான் நடக்க வேண்டும். சிறிய எஞ்சின் கார் ஒன்று வளைவில் தேவைக்கு மேல் வேகத்தைக் குறைத்துவிட்டால், இழந்ததை மீட்க அதனிடம் வலு இல்லை.

டர்போ பொருத்திய எஞ்சின் வளியை அமுக்கி உள்ளே தள்ளுவதால் இந்த இழப்பைப் பெருமளவு ஈடுசெய்யும். மின்கார்களுக்கோ மூச்சே தேவையில்லை. பைக்ஸ் பீக் பந்தயம் 4,302 மீற்றர் உயரத்தில் முடிகிறது. ஏறக்குறைய 20 கிலோமீற்றர் நீளமும் 156 திருப்பங்களும் கொண்ட அந்த வீதியில், 2018இல் வொக்ஸ்வாகனின் மின்கார் 7 நிமிடம் 57 செக்கன்களில் ஏறி, 8 நிமிடத்துக்குள் முடித்த முதல் கார் ஆனது.

ஏற்றத்தில் காரின் சுமையும் பின்பக்கம் சாயும். பின்சக்கரங்கள் இழுக்கும் கார்களுக்கு இது வரம். சுமை அழுத்த அழுத்தப் பிடி கூடும். 1959இல் வந்த மினி முன்சக்கரங்களால் இழுபடும் கார். புறப்படும் கோட்டில் அதன் முன்சக்கரங்கள் சுமை குறைந்து வீணே சுழலும். ஆனால் உடல் சிறியது, நிறை குறைவு; குறுகிய தோட்ட வீதியில் பெரிய காரைவிடப் பெரிய வட்டத்தில் வளையும். புறப்பாட்டில் தோற்றதை வளைவுகளில் மீட்க அதற்கு வழி இருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் மேலே வானம். பந்தய டயரின் ரப்பர் சூடேறினால்தான் இளகித் தரையைப் பற்றும். மலைநாட்டுக் குளிரில், மிகக் குறுகிய ஓட்டத்தில், டயர் சூடேறும்போது ஓட்டமே முடிந்துவிடும். அதற்காகவே இளகிய ரப்பர் டயர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். ஏப்ரல் பருவப்பெயர்ச்சிகளுக்கு இடைப்பட்ட மாதம். காலையில் வெயில் அடித்தாலும் பின்னேரம் இடியுடன் மழை இறங்குவது இங்கே வழக்கம். காலை ஓட்டத்தை “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று விட்டவருக்குப் பின்னேரம் அந்த வாய்ப்பு கிடைக்காமல் போகலாம்.

எங்கே நிற்பது?

பிடி தீர்ந்த கார் எங்கே போகும்? அது வளைவின் வெளிப்பக்கம் நோக்கித்தான் போகும். இது இயற்பியல் விதி. எந்த ஓட்டுநரின் திறமையும் அதை மாற்றாது. ஆகவே வளைவின் வெளி ஓரத்தில் எந்த மனிதரும் நிற்கக் கூடாது. உள்பக்கத்தில், வீதியைவிட உயர்ந்த மண்மேட்டில், தடுப்புக்கும் பின்னால் நிற்பதே பார்வையாளருக்கு உரிய இடம்.

2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று தடத்தைவிட்டு விலகிக் கூட்டத்துக்குள் பாய்ந்தது. ஒரு சிறுமி உட்பட 7 பேர் உயிரிழந்தார்கள். இருபதுக்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள். வேடிக்கை பார்க்கப் போனவர்களும் பந்தயப் பணியில் நின்றவர்களும் அவர்களில் இருந்தார்கள். அந்த ஏழு உயிர்களை மறந்துவிட்டு மோட்டார் விளையாட்டைப் பற்றி எழுதுவது தகாது. கொடி காட்டும் தன்னார்வலர் “பின்னுக்குப் போங்கள்” என்றால், அது நம் உயிர்க்கணக்கைப் பார்த்துச் சொல்லும் சொல்.

இந்தக் கணக்கு பந்தயத்துடன் முடிவதும் இல்லை. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் இறக்கத்தில் வந்த பஸ் ஒன்று வேனுடனும் முச்சக்கரவண்டியுடனும் மோதி 7 பேர் இறந்தார்கள். பத்துத் தொன் வாகனம் ஒன்று 300 மீற்றர் உயரம் இறங்கும்போது அது விடும் சக்தி, சுமார் 90 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. தாழ்ந்த கியரில் இறங்கினால் அதில் பெரும் பங்கை எஞ்சின் தாங்கிக்கொள்ளும். பிரேக்கை மட்டும் நம்பினால் அவ்வளவு வெப்பமும் சக்கரத்துக்குள் சேரும்; ஓர் எல்லைக்குப் பிறகு பிரேக்கை எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது.

சிறுவயதில் கொழுந்து லொறியின் முன் இருக்கையில் பலமுறை போயிருக்கிறேன். சாரதி அண்ணன் இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைப்பார். வளைவுக்கு முன் வேகத்தை அடக்கி, வெளிப்பக்கம் ஒதுங்கி, ஹோர்ன் அடித்து, மெல்ல உள்ளே திருப்புவார். பின்னால் கொழுந்துச் சாக்குகளின் மேல் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஆரை, உராய்வு என்ற சொற்கள் அவருக்குத் தெரியாது. ஆனால் ஒரு நாளும் பிடிக்கு மேல் செலவழித்ததில்லை. பந்தயக்காரர் செக்கனின் நூறில் ஒரு பங்குக்காகக் கற்கும் அந்தப் பாடத்தை, பின்னால் இருந்தவர்களை வீடு சேர்ப்பதற்காக அவர் தினமும் ஓட்டிக் காட்டினார்.