சலித்தெடுத்த வானம்

வான்படத்தில் தெரிவது நட்சத்திரமா, கறையா? கம்ப்யூட்டர் ஃபில்டருக்கு அது தெரியாது. புனே அருகே உள்ள ராட்சத ரேடியோ தொலைநோக்கி கற்றுத்தரும் பாடம் இது.

புனேயிலிருந்து நாசிக் சாலையில் சுமார் 80 கி.மீ. போனால் நாராயண்காவ். தக்காளிக்கும் திராட்சைக்கும் பெயர்போன வட்டாரம். அருகே கோடத் கிராமத்தைச் சுற்றி வயல்களுக்கு நடுவே வானத்தைப் பார்த்து நிற்கின்றன 30 பிரம்மாண்டக் கிண்ணங்கள். ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டம். 14 கிண்ணங்கள் நடுவே கூட்டமாக. மீதி 16-ம் மூன்று கிளைகளாகப் பிரிந்து சுமார் 25 கி.மீ. பரப்பில் நிற்கின்றன. 1970-ல் ஊட்டி மலைச்சரிவில் ரேடியோ தொலைநோக்கியை நிறுவிய கோவிந்த் ஸ்வரூப்தான் (1929-2020) இதற்கும் சூத்திரதாரி. புனேயிலுள்ள தேசிய ரேடியோ வானியற்பியல் மையம் இதை நடத்துகிறது. சுருக்கமாக, ஜி.எம்.ஆர்.டி.

கேமரா போல இவை படம் பிடிப்பதில்லை. வானிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பதிவு செய்கின்றன, அவ்வளவுதான். கிடைப்பது எண்கள். எண்களைக் கணக்குப் போட்டுப் படமாக்குவது கம்ப்யூட்டர். பத்திரிகைகளில் நாம் பார்த்து வியக்கும் சிவப்பும் நீலமும் கூட பிறகு பூசப்பட்டவையே.

சங்கடம் இங்கேதான் ஆரம்பம். கேலக்சிகளின் சமிக்ஞை மிக மிக மெலிந்தது. பக்கத்து மின்கம்பியில் பறக்கும் ஒரு பொறி போதும், அதை அமுக்கிவிட. செல்போன் கோபுரம், தலைக்கு மேல் சுற்றும் செயற்கைக்கோள் என்று இரைச்சலுக்குப் பஞ்சமே இல்லை. எனவே சலித்தாக வேண்டும். சல்லடைதான் ஃபில்டர்.

அது எப்படி வேலை செய்கிறது? படத்தில் அடுத்தடுத்த ஒன்பது புள்ளிகளின் மதிப்பு இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: 10, 12, 11, 9, 200, 10, 13, 11, 12. நடுவில் உள்ள 200 உறுத்துகிறது. அதன் இடத்தில் சராசரியை வைத்தால் 32 வரும். கறை கொஞ்சம் மங்கும், ஆனால் மறையாது. ஒன்பதையும் வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 11. கறை போன இடமே தெரியாது. இதற்கு மீடியன் ஃபில்டர் என்று பெயர். ஆய்வுக்கூடங்களில் உள்ள அநேகமாக எல்லாப் பட சாஃப்ட்வேர்களிலும் இது ஒரு பட்டனைத் தட்டினால் கிடைக்கும்.

ஆனால் அந்த 200 கறையாக இல்லாமல், உண்மையான நட்சத்திரமாகவே இருந்தால்? முறத்தில் வேகமாகப் புடைத்தால் பதரோடு நெல்லும் பறக்கும். படம் பளிச்சென்று இருக்கும். விஞ்ஞானம் தொலைந்திருக்கும்.

இது வெறும் கற்பனை பயமல்ல. 1967-ல் கேம்பிரிட்ஜில் ஜோஸ்லின் பெல் என்ற மாணவி, தொலைநோக்கி பதிவு செய்த காகிதச் சுருள்களைக் கண்ணாலேயே ஆராய்ந்துகொண்டிருந்தார். இடையில் ஒரு சிறு கிறுக்கல். மனிதர்கள் உண்டாக்கிய இரைச்சல் என்று ஒதுக்கியிருக்கலாம். அவர் ஒதுக்கவில்லை. உலகம் அறிந்த முதல் பல்சர் அதுதான்.

கோடத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. மின்கம்பிப் பொறிகளை, சமிக்ஞை வந்துகொண்டிருக்கும்போதே நீக்கும் ஃபில்டரை ஜி.எம்.ஆர்.டி. பொறியாளர்கள் உருவாக்கினார்கள். அடிப்படை அதே மீடியன் கணக்கு. பதிவாகும் முன்பே நீக்கியதைத் திரும்பப் பெற முடியாது. பல்சரின் துடிப்பும் ஒரு நொடிப்பொழுது வெடிப்புதானே? எனவே பரிசோதனையின்போது சலித்த சமிக்ஞையையும் சலிக்காததையும் அருகருகே பதிவு செய்து ஒப்பிட்டார்கள்.

மூலப் பதிவைப் பத்திரமாக வைத்தால் என்ன லாபம்? அதற்கும் ஜி.எம்.ஆர்.டி.யே சாட்சி. 2010-லிருந்து 2012 வரை சுமார் 2,000 மணி நேரம், 150 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அது வானத்தை அலசியது. அந்த அலைவரிசையில் பூமியின் அயனி மண்டலம் படத்தை நெளித்துவிடும், ஓடும் நீருக்கடியில் கூழாங்கல் நெளிவது போல. பிறகு நெதர்லாந்து வானியலாளர் ஹூயிப் இன்டெமாவும் சகாக்களும் அதே பழைய பதிவுகளை எடுத்து, இரைச்சலைக் களைந்து, நெளிவையும் திருத்தும் புதிய சாஃப்ட்வேரில் போட்டார்கள். 2016-ல் வெளியான வரைபடம் வானத்தின் 90 சதவீதத்தை அடக்கியது. அதில் சுமார் 6.2 லட்சம் ரேடியோ மூலங்கள்! தொலைநோக்கியை மறுபடி வானத்தை அலச வைக்காமலே கிடைத்த புதையல். முதலில் சலித்ததை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்திருந்தால் இது நடந்திருக்காது.

வானியலுக்கு மட்டுமான பாடமல்ல இது. மைக்ராஸ்கோப் படங்களுக்கும் பொருந்தும். படம் முழுவதையும் ஒரே அளவில் பிரகாசமாக்கலாம், ஒரு மூலையை மட்டும் தொடக்கூடாது என்பது உயிரியல் ஆய்விதழ்கள் வலியுறுத்தும் விதி. என்ன ஃபில்டர், எந்த அளவில் என்று எழுதி வைக்க வேண்டும். அப்போதுதான் இன்னொருவர் அதே மூலத்தை எடுத்து அதே கணக்கைப் போட்டுச் சரிபார்க்க முடியும்.

இன்று கையிலுள்ள செல்போனே நாம் கேட்காமலே முகத்தின் தழும்பை அழித்துத் தருகிறது. ஆல்பத்துக்கு அது அழகு. விஞ்ஞானிக்கோ, சில சமயம் அந்தத் தழும்புதான் செய்தி.